தங்கமான ஏரியா

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கேயே விடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. எடுக்கிறதுக்கு முதல்ல ஆள் நடமாட்டம் வேணும்ல. கேட்டுல போர்டைப் பாத்துட்டுத்தானே மணி அடிச்சீங்க? 'ச. ஆறுமுகநயினார், செயலாளர், பொன்மலர் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்.' நான்தான். இந்த ஏரியா எப்படின்னு விசாரிக்க வர்ற அத்தனை பேரும் நம்ம வீட்டுக்குத்தான் வருவாங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஊறிப்போய் ஆடுது. இதுல உக்காருங்க.

பேரு என்ன சொன்னீங்க? ஜெயசீலன். சரி. மூணாவது தெரு, பச்சைக் கேட்டு வீடு. பாத்தாச்சு, பிடிச்சுப் போச்சு, பேசி முடிக்கிறதுக்கு முன்னால நாலு பேரைக் கேட்டுக்கிடணும். அது புத்திசாலித்தனம். நானும் அந்த ரகம்தான். கரண்டு ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம் ரீடிங் எடுத்தவன், பாத்துக்கிடுங்க. மெட்ராஸ்ல நான் ஏறாத படி கிடையாது. ஒரு வீட்டு மீட்டரைப் பாத்தாப் போதும், உள்ள எத்தனை பேரு, கிழவன் கிழவி உண்டா, புருஷனும் பொண்டாட்டியும் பேசிக்கிறாங்களான்னு வரைக்கும் சொல்லிடுவேன். எப்படின்னு கேக்கிறீங்களா? பேசிக்காத வீட்டுல ரெண்டு ரூம்ல ரெண்டு ஃபேன் ஓடும். அவ்வளவுதான் ரகசியம்.

டீ குடிப்பீங்கல்ல? நானே போட்டுடுவேன். வீட்டுல அவ இல்ல. அம்பத்தூர்ல தம்பி வீட்டுக்குப் போயிருக்கா, நேத்துதான் போனா, ஏதோ காதுகுத்து. ரெண்டு நாள்ல வந்துடுவா. நீங்க கேளுங்க, நான் அடுப்படியிலேர்ந்தே பதில் சொல்றேன், காது நல்லாக் கேக்கும்.

போன்ல எழுதியே வச்சிருக்கீங்களா? உங்க வீட்டம்மா எழுதிக் குடுத்ததா? சரிதான். படிங்க.

தண்ணி. தம்பி, தண்ணிக்கு இங்க பஞ்சமே கிடையாது. அதை நான் எழுதியே தர்றேன்.

ஸ்கூல். பாப்பாவுக்கு என்ன வயசு? ஆறா. வேன் வரும் தம்பி. வாசல் வரைக்கும் வரும். மழைக்காலத்துல மட்டும் மெயின் ரோட்டுல நிப்பாட்டிடுவான், இங்க திருப்ப முடியாதும்பான். ஒரு ரெண்டு மாசம், ரெண்டரை மாசம், தூக்கிக்கிட்டுப் போய் விடணும். ஆறு வயசுன்னா தூக்கிடலாம். ஆஸ்பத்திரிக்கும் அதே கதைதான். போன் அடிச்சாப் போதும், ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்துல மெயின் ரோட்டுல வந்து நிக்கும். நாம அதுவரைக்கும் கொண்டு போயிடணும், அவ்வளவுதான். நாலாவது தெரு வாத்தியாரைக் கட்டிலோட கொண்டு போனோம். ஒற்றுமையான ஏரியா.

அமைதி? அமைதியைப் பத்தி நான் சொல்லவே வேண்டாம், நீங்களே வரும்போது பாத்திருப்பீங்க. மொத்தம் நாப்பத்திரெண்டு வீடு. சாயங்காலம் நடக்கப் போகும்போது பழக்கதோஷத்துல ஒவ்வொரு மீட்டரா எட்டிப் பாப்பேன். அதுல ஓடுறது இருபத்தாறு. மிச்சம் எல்லாம் பூட்டிக் கிடக்கு. சத்தம் போட ஆள் இல்ல.

டீ எடுத்துக்கிடுங்க. சர்க்கரை போதுமா பாருங்க. அவ இருந்தா இஞ்சி தட்டிப் போடுவா. நான் தட்டுனா விரலைத் தட்டிடுறேன்.

சுவத்துல என்ன பாக்கிறீங்க? அதுவா. பார்டர். இடுப்பு உசரத்துக்குப் பிரவுன் கலரு, அதுக்கு மேல கிரீம் கலரு. இப்ப இது ஃபேஷன். எங்க நகர்ல எல்லா வீட்டுலயும் இதே மாதிரி அடிச்சிருக்கோம், சங்கத்துலேர்ந்து ஒரே பெயிண்டரை வச்சு. உங்க பச்சைக் கேட்டு வீட்டுலயும் இருந்திருக்குமே. அங்க ஜன்னல் மேல்சட்டம் வரைக்கும் இருக்கா? இருக்கும். மூணாவது தெருவுல பார்டரைக் கொஞ்சம் உசரமா அடிக்க வேண்டியதாப் போச்சு.

நான் அந்த வீட்டைக் குறை சொல்லல. செயலாளரா இருந்துக்கிட்டு ஒரு உறுப்பினர் வீட்டைக் குறை சொல்லக் கூடாது. அருமையான வீடு, நல்ல மரம். ஆனா ஒரு விஷயம். எங்க தெரு அந்தத் தெருவை விட ரெண்டு முழம் உசரம். இந்த வீட்டையே எடுத்துக்கிடுங்க. கிழக்குப் பாத்த வாசல், ரெண்டு ரூம், மாடிக்கு உள்ளுக்குள்ளேயே படி. நான் விக்கிறேன்னு சொல்லல. யாராவது குடும்பஸ்தன், பாப்பா வச்சிருக்கிறவன், மனசுக்குப் பிடிச்சுக் கேட்டா யோசிக்கலாம்னு சொல்றேன். இதை வெளிய சொல்லிடாதீங்க.

ஏன்னா எங்க சங்கத்துல ஒரு தீர்மானம் இருக்கு. தீர்மானம் எண் ஏழு. நான் எழுதினதுதான், நான் முன்மொழிஞ்சதுதான். 'விற்பனைக்கு' என்று எந்த உறுப்பினரும் பலகை மாட்டக் கூடாது. வெளியாள் யார் வந்து கேட்டாலும் நகரைப் பற்றி நல்லவிதமாகவே பேச வேண்டும். ஒருத்தன் போர்டு மாட்டினான்னு வைங்க, அடுத்த வீட்டுக்காரன் பயந்துக்கிட்டு மாட்டுவான், ஒரே வாரத்துல நாப்பத்திரெண்டு போர்டு தொங்கும். அப்புறம் எந்த மடையன் வருவான்? உங்களைச் சொல்லல தம்பி. அந்த வாத்தியார் இருக்காரே, கட்டிலோட போனவரு, திரும்பி வந்ததும் கேட்டுல சாக்பீஸ்ல எழுதிட்டாரு, வீடு விற்பனைக்குன்னு. நானே ஈரத்துணி எடுத்துட்டுப் போய் அழிச்சேன். அவரு பக்கத்துலயே நின்னு பாத்தாரு. தீர்மானத்துல அவரும் கையெழுத்துப் போட்டவருதான்.

அடுத்த கேள்வி என்ன? தண்ணியைத்தான் முதல்லயே சொல்லிட்டேனே. என்னது?

இன்னொருக்கா சொல்லுங்க.

டீக்கடையில யாரு சொன்னா? மீசை வச்ச பெரியவரா, சைக்கிள் கடைக்காரரா? 'அது கலங்கல் பக்கம்'னு சொன்னாரா. அதனால நீங்க தண்ணி கலங்கலா வருமோன்னு என்னைக் கேக்கிறீங்க.

உங்களுக்குச் சொந்த ஊரு எது தம்பி?

ராஜபாளையம். அதான பாத்தேன்.

இல்ல இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி கலங்கலா எல்லாம் வராது. இந்தா இருக்கு பாருங்க சொம்பு, கிணத்துத் தண்ணி, காலையில எறைச்சது. வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. அடியில மணல் தெரியுதா? தெரியாது. குடிச்சுப் பாருங்க. எப்படி இருக்கு? இளநீர் கணக்கா இருக்கா? நானும் இப்படித்தான் தூக்கிப் பாத்தேன். இதே கிணறுதான். அப்ப வீடு கிடையாது, வெறும் மனை, ஒரு கிணறு, சுத்திக் கருவேலங்காடு. பதினாலு வருஷம் ஆச்சு. வைகாசி மாசம்.

நான் மூணு தடவை வந்து பாத்தேன் தம்பி. காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எனக்கு யாரும் கத்துக்குடுக்க வேண்டாம். மண்ணைக் கிள்ளிப் பாத்தேன். காத்து எந்தப் பக்கம்னு பாத்தேன். கரண்டுக் கம்பம் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்தேன். மூணாவது தடவை வந்தப்ப ஒரு அம்மா இங்க ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. நானாப் போய்த்தான் விசாரிச்சேன், இங்க மனை வாங்கலாம்னு இருக்கேன், எடம் எப்படிம்மான்னு. அவங்க என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "இது கலங்கல் பக்கமாச்சே சார். இங்க போயா ஊடு கட்டுவீங்க?"ன்னாங்க.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். நாங்க குளத்துல முங்கி வளந்தவங்க. குளம் பெருகினா மிச்சத் தண்ணி வழிஞ்சு மறுகால் பாயும். மறுகால் பாயுற எடத்துல எங்க ஊருல மாட்டைக்கூடக் கட்ட மாட்டான். அந்த அம்மா வாயில மறுகால்னு ஒரு வார்த்தை வந்திருந்தா, அந்த இடத்துலேயே செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஓடியிருப்பேன். அவங்க சொன்னது கலங்கல். நான் என்ன செஞ்சேன்? கிணத்துல வாளியை விட்டு ஒரு வாளி எறைச்சேன். கையில அள்ளிப் பாத்தேன். பளிங்கு. எனக்கு ஒரே சிரிப்பு. "அப்படியே கொஞ்சம் கலங்கலா வந்தாலும் வடிகட்டிக்கிடலாம்மா"ன்னேன்.

அந்த அம்மா சிரிக்கல. "கலங்கலை எப்டி சார் வடிகட்டுவீங்க?"ன்னு கேட்டாங்க. நிசமாவே சந்தேகமாத்தான் கேட்டாங்க. அப்புறம் ஆட்டை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. படிக்காத சனம், என்னத்தைக் கண்டதுன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ஒரே வாரத்துல பத்திரம் பதிஞ்சாச்சு.

புரிஞ்சுதா தம்பி? உங்க ஊருல கலுங்குன்னு சொல்லுவீங்களா, மறுகால்னு சொல்லுவீங்களா? ரெண்டும் சொல்லுவீங்களா. சரி. இந்தப் பக்கத்துல அதுக்குப் பேரு கலங்கல். மேற்க ஒரு மேடு தெரியுது பாருங்க, பனைமரம் நிக்குதே, அது மேடு இல்ல, ஏரிக்கரை. அந்தப் பனைமரத்துக்குப் பக்கத்துலதான் ஏரி நிறைஞ்சா தண்ணி இறங்கும். எங்க இறங்கும்னு நான் வேற சொல்லணுமா. உங்க பச்சைக் கேட்டு வழியா நுழைஞ்சு, ரெண்டாவது தெருவைத் தொட்டுக்கிட்டு, எங்க வீட்டுல கொஞ்ச நேரம் இருந்துட்டுத்தான் போகும்.

முதல் நாலு வருஷம் ஏரி நிறையவே இல்ல, அதையும் சொல்லிடுறேன். புல்லு முளைச்சுக் கிடந்துச்சு, பையங்க கிரிக்கெட் ஆடுவாங்க. நான் மாடியில நின்னு அவகிட்டச் சொல்லுவேன், "பாத்தியா கோமதி, என்னமாக் காத்து வருது"ன்னு. அஞ்சாவது வருஷம் ஐப்பசியில முதல் தண்ணி. அன்னைக்குத்தான் பால்காரரு சொல்லித் தெரிஞ்சுது, கலங்கல்னா என்னன்னு. முழங்கால் தண்ணியில நின்னுக்கிட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். கோமதி கேட்டா, "வாங்கும்போது யாரையாச்சும் விசாரிச்சீங்களா?"ன்னு. "ஊரையே விசாரிச்சேன், ஒருத்தனும் வாயைத் தொறக்கல"ன்னு சொல்லிட்டேன். அந்த ஆட்டுக்கார அம்மாவைப் பத்தி இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. உங்ககிட்டத்தான் முதல் தடவை சொல்றேன். ஏன் சொல்றேன்னு எனக்கே தெரியல. நீங்க அந்த வார்த்தையைச் சொல்லிட்டீங்க, சவம், அது வெளிய வந்துடுச்சு.

காதுகுத்து எல்லாம் இல்ல தம்பி. அவ போய் அஞ்சு மாசம் ஆச்சு. போன கார்த்திகையில போனா.

அவளுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நான் ஒண்ணும் அவளை அடிச்சேனா, வஞ்சேனா? நடந்ததைச் சொல்றேன், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. அன்னைக்குக் காலையில நான் வடிகால் கேட்டு மனு குடுக்கத் தாலுகா ஆபீசுக்குப் போயிருந்தேன். யாருக்காகப் போனேன்? நகருக்காகத்தானே? மழை வெளுத்து வாங்குது. மத்தியானம் திரும்பி வந்து பாத்தா மெயின் ரோட்டோட பாதை முடிஞ்சுபோச்சு. அதுக்கு மேல ஒரே தண்ணி. போன் பண்ணினேன். "அஞ்சாவது படி ஏறிடுச்சு"ன்னா. அடுத்த தடவை பண்ணினப்ப, "உள்ள வந்துடுச்சு, காஸ் சிலிண்டர் மிதக்குது"ன்னா. அப்புறம் போன் போகல. நான் எதிர்த்தாப்புல கல்யாண மண்டபத்து வாசல்லயே உக்காந்திருந்தேன். நீந்திப் போறதுக்கு எனக்கென்ன வயசா.

மறுநாள் பத்து மணிக்குத்தான் போட்டு வந்துச்சு. ரப்பர் போட்டு. அதுல நம்ம நகர் ஆளுங்களைக் கொண்டு வந்து இறக்குறாங்க. அந்த நேரத்துல ஒரு டிவிக்காரப் பையன் மைக்கை நீட்டிட்டான். நான் செயலாளர்னு எவனோ கை காட்டிட்டான் போல. "சார், உங்க ஏரியா நிலைமை எப்படி இருக்கு?"ன்னான். தம்பி, ஊரே பாக்கிற டிவி. நான் தீர்மானத்தை எழுதினவன். நான் என்ன சொல்ல முடியும்? "இது தற்காலிகம்தான். மத்தபடி தங்கமான ஏரியா. குடும்பத்தோட இருக்க இதை விட நல்ல எடம் கிடையாது"ன்னேன். சொல்லிட்டுத் திரும்புறேன், போட்டுலேர்ந்து கோமதி இறங்கி நிக்கிறா. புடவை இடுப்பு வரைக்கும் சேறு. கால்ல செருப்பு இல்ல. நான் சொன்னதை முழுசாக் கேட்டிருக்கா.

முந்தானையில முடிஞ்சு வச்சிருந்த என் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து என் கையில வச்சா. நனையாமக் கொண்டு வந்திருக்கா. வச்சுட்டு நேரா நடந்து போய் ஷேர் ஆட்டோவுல ஏறி உக்காந்துட்டா. ஆட்டோ போயிடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? தற்காலிகம்னுதானே சொன்னேன். பன்னெண்டாம் நாளே தண்ணி வடிஞ்சுபோச்சு.

மக கோயம்புத்தூர்ல இருக்கா. அவ மூலமாத்தான் சேதி வரும். "அந்த வீட்டை வித்துட்டு வரச் சொல்லு, அதுவரைக்கும் என்கூடப் பேச வேண்டாம்"னு சொன்னாளாம். வித்துட்டு வர்றதுன்னா எப்படி? போர்டு மாட்ட முடியாது. நானே போட்ட பூட்டு. ரகசியமாப் பாத்தவங்க எல்லாம் இந்தச் சுவத்தைத் தடவிப் பாத்துட்டுப் போயிடுறாங்க. உங்களை மாதிரி ஒருத்தர் வந்து உக்காந்து டீ குடிச்சு இன்னைக்குத்தான் பாக்கிறேன். உண்மையைச் சொல்றேன், நீங்க மணி அடிச்சதும் எனக்குள்ள ஒரே சந்தோஷம். பச்சைக் கேட்டைக் கொஞ்சம் தட்டிவிட்டு இந்த வீட்டை உங்க தலையில கட்டிடலாம்னுதான் நினைச்சேன். கட்டிட்டா சாயங்காலமே அம்பத்தூர் பஸ் ஏறியிருப்பேன். இங்க தனியா இருக்க முடியல தம்பி. ஒரு ஃபேன்தான் ஓடுது. வீடு என்னைப் பிடிச்சு வச்சிருக்கு.

எழுந்துட்டீங்களா. இருங்க. இன்னும் ஒரு கேள்வி பாக்கியா? கேளுங்க, இனிமே மறைக்கிறதுக்கு என்ன இருக்கு.

உங்க வீட்டம்மா என்ன எழுதியிருக்காங்க? 'அங்க குடியிருக்கிற ஒரு பொம்பளைகிட்ட நான் பேசணும்.' அடேயப்பா. இத்தனை வருஷத்துல இந்தக் கேள்வியை எவனும் கேட்டதில்ல. நானும் கேக்கல. மூணு தடவை வந்தேன், மூணு தடவையும் அவளைக் கூட்டிட்டு வரலையே.

இந்த நகர்ல எந்தப் பொம்பளையைக் கேட்டாலும் தீர்மானம் ஏழைத்தான் ஒப்பிப்பாங்க. சத்தியமா உண்மையைச் சொல்லணும்னா ஒருத்திதான் சொல்லுவா. நம்பர் தர்றேன், உங்க வீட்டம்மாகிட்டக் குடுங்க. இல்ல, இப்பவே போடுறேன், நீங்களே பேசிடுங்க. அவ கட்டாயம் வராதீங்கன்னுதான் சொல்லுவா, அது எனக்குத் தெரியும். பரவாயில்ல. வீடு பாக்க வந்தவங்க பேசணும்னாங்கன்னு உங்க சாக்குல நானும் ஒரு வார்த்தை பேசிக்கிடுவேன். எடுப்பாளான்னு தெரியல. ஸ்பீக்கர்ல போடுறேன்.

ரிங் போகுது.

கோமதி... நான்தான்.

கேட்டீங்களா தம்பி, எடுத்த எடுப்புல என்ன கேக்கிறான்னு? அஞ்சு மாசம் கழிச்சுக் கூப்பிடுறேன். எதுக்குக் கூப்பிட்டேன்னு கேக்கல, வீட்டை வித்தாச்சான்னு கேக்கல. "தண்ணி வந்துடுச்சா, மாடிக்கு ஏறிட்டீங்களா"ன்னு கேக்கிறா. இந்தச் சித்திரை வெயில்ல கேக்கிறா.

இல்ல கோமதி. தண்ணி எல்லாம் இல்ல. கீழதான் இருக்கேன். நிசமாத்தான். நிசமாக் கீழதான் இருக்கேன். நல்ல வெயில்... இருக்கு, மாத்திரை இருக்கு, போட்டுக்கிட்டேன். பயப்படாத. நீ முதல்ல உக்காரு.

தம்பி, நீங்க கேக்க வேண்டியது ஒண்ணும் இல்லைல்ல? கிளம்புங்க. உங்க வீட்டம்மாகிட்ட நீங்க இப்பக் காதால கேட்டதை அப்படியே சொல்லிடுங்க. போகும்போது கேட்டைச் சாத்திட்டுப் போங்க, நான் பேசிட்டு வர்றேன்.